பி.பி. யாருடைய வக்கீல்?

கொலை வழக்கு முதல் விசாரணை ஆணையம் வரை, அரசுத் தரப்பு வழக்கறிஞரின் (பப்ளிக் பிராசிக்யூட்டர், சுருக்கமாக பி.பி.) வேலை பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம். நீதிமன்ற வராந்தாவில் சொல்வதுபோலவே பி.என்.எஸ்.எஸ்., பி.எஸ்.ஏ. என்று எழுதுகிறோம். பழைய எண்ணே நாவில் நிற்பவர்களுக்காக அதையும் ஆங்காங்கே தந்திருக்கிறோம்.

என் தம்பியின் கொலை வழக்கு செஷன்ஸ் கோர்ட்டில் நடக்கிறது. நாங்கள் தனியாக ஒரு மூத்த வக்கீலை வைத்தோம். அவர் எழுந்து பேசக் கூடாது, பி.பி.தான் பேச வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் எங்கள் வக்கீலுக்கு அங்கே என்ன வேலை?
வாசகர், திண்டுக்கல்

அவர்கள் சொல்வது சரி. செஷன்ஸ் வழக்கை நடத்தும் பொறுப்பு அரசு வழக்கறிஞருக்குத்தான் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 248. எப்படியாவது தண்டனை வாங்கிவிட வேண்டும் என்ற தாகம் அரசு வழக்கறிஞருக்கு இருக்கக் கூடாது என்று 1999-ல் சிவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சாதகமான உண்மை கோப்பில் இருந்தால் அதையும் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டியவர் அவர். கட்சிக்காரரிடம் கட்டணம் வாங்கும் வக்கீலிடம் அந்த நடுநிலையை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் இந்தத் தடை.

ஆனால் உங்கள் வக்கீல் சும்மா உட்கார வேண்டியதில்லை. பி.என்.எஸ்.எஸ். 18(8)-ன் காப்புரையின்படி (பிரிவோடு சேர்ந்து வரும் நிபந்தனை வாசகம்), அரசுத் தரப்புக்கு உதவ உங்கள் விருப்பப்படி ஒரு வழக்கறிஞரை வைக்க நீதிமன்றம் அனுமதிக்கலாம். முதலில் அதற்கு ஒரு மனு போடுங்கள். 338-ன்படி அவர் பி.பி.யின் வழிகாட்டலில் செயல்படுவார். சாட்சியம் முடிந்தபின் நீதிமன்ற அனுமதியோடு எழுத்துப்பூர்வ வாதம் தரலாம். வாய்மொழியாக வாதிடவோ சாட்சியைக் கேள்வி கேட்கவோ அவரால் முடியாது என்பதை ரேகா முரார்க்கா வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கேட்க வேண்டிய கேள்வி ஏதும் விட்டுப்போனால் பி.பி.யிடம் சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுபோகலாம்.

நடைமுறையில் பயன் தருவது ஒன்றுதான்: ஒவ்வொரு முக்கிய சாட்சிக்கும் முந்தைய நாளே ஒரு பக்கக் குறிப்பு. அதில் பிரேதப் பரிசோதனை அறிக்கையில் உள்ள காய எண், மகஜரில் (போலீஸ் சம்பவ இடத்தில் எழுதும் பதிவு) உள்ள இடம், போலீஸ் வாக்குமூலத்தின் வரி ஆகியவற்றைச் சேர்த்துப் பத்துக் கேள்விக்குள் முடியுங்கள். சாட்சி கூண்டில் ஏறிய பிறகு பின்னாலிருந்து பி.பி.யின் காதில் முணுமுணுப்பது அவரைத் தடுமாற வைக்கும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கோ சிரிப்பு வரவழைக்கும்.

குடும்பத்தார் தெரியாமலே வழக்கைக் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. போலீசில் சொல்லாத விஷயத்தை, வழக்கு பலமாகட்டும் என்று கூண்டில் புதிதாகச் சேர்ப்பார்கள். 'வெட்டியதைப் பார்த்தேன்' என்று மட்டும் சொல்லியிருந்தவர், 'அவன் பேரைச் சொல்லிக் கத்தினான், நானும் கேட்டேன்' என்பார். முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதுவே முரண்பாடாகலாம் என்கிறது பி.என்.எஸ்.எஸ். 181-ன் விளக்கம். ஒரு பொய் ஒட்டு, பத்து உண்மையைச் சந்தேகத்தில் தள்ளிவிடும்.

பி.பி.யின் மேல் நம்பிக்கையே இல்லையென்றால், 10 ஆண்டு பயிற்சியுள்ள ஒருவரை ஸ்பெஷல் பி.பி.யாக நியமிக்கும்படி அரசிடம் காரணத்தோடு மனுக் கொடுக்கலாம். பட்டியலினத்தவர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்கு என்றால் வழி இன்னும் அகலம்: பாதிக்கப்பட்டவர் விரும்பினால் மாவட்ட ஆட்சியரே ஒரு சிறந்த மூத்த வழக்கறிஞரை அமர்த்த 1995-ம் ஆண்டு விதிகளில் 4(5) இடம் தருகிறது. நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்ற வழக்கு வேறு கதை. அங்கே 339-ன்கீழ் உங்கள் வக்கீலே வழக்கை நடத்த நடுவர் அனுமதி தரலாம்.

சாட்சி பிறழ்ந்துவிட்டால் வழக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். பி.பி. அப்போது என்ன செய்ய முடியும்?
இளம் வழக்கறிஞர், திருநெல்வேலி

முடிந்துவிடாது. பிறழ் சாட்சியின் சாட்சியம் முழுவதும் துடைத்தெறியப்படுவதில்லை. நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்பது 1976-ன் பகவான் சிங் வழக்கிலிருந்து வழிவழியாக வரும் சட்டம். வழக்கு சாவது பெரும்பாலும் சாட்சி பிறழ்ந்ததால் அல்ல, பிறழ்ந்த சாட்சியை அரசுத் தரப்பு ஒழுங்காகக் கையாளாததால்.

சாட்சி மாறிப் பேசத் தொடங்கியதும், பி.எஸ்.ஏ. 157-ன்படி (பழைய 154) குறுக்கு விசாரணை செய்ய நீதிபதியிடம் அனுமதி கேட்க வேண்டும். அனுமதி கிடைத்ததும் பலர் செய்யும் தவறு, போலீஸ் வாக்குமூலம் முழுவதையும் ஒரே மூச்சில் படித்துக்காட்டி, 'இப்படிச் சொன்னீர்களா?' 'இல்லை' என்று முடித்துக்கொள்வது. அந்த 'இல்லை'யால் ஒரு பயனும் இல்லை. சரியான முறையை வி.கே. மிஸ்ரா வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் விரித்துச் சொன்னது. முரண்படும் வரியை மட்டும் சாட்சிக்குக் காட்ட வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால் முரண்பாடு அங்கேயே நிரூபணம். மறுத்தால், அந்த வரியைத் தனியாகக் குறியிட்டு வைத்து, பிற்பாடு புலனாய்வு அதிகாரி கூண்டேறும்போது 'இந்தச் சாட்சி உங்களிடம் இப்படிச் சொன்னாரா?' என்று கேட்டு நிரூபிக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதிகாரி வரும்போது இந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிறது. கோப்பின் முதல் பக்கத்திலேயே 'அ.சா.4 (அரசுத் தரப்புச் சாட்சி 4), வரி குறித்தது, ஐ.ஓ.விடம் (புலனாய்வு அதிகாரி) கேட்க' என்று எழுதி வைத்தால் அந்தப் பிழை வராது.

இவ்வளவும் செய்த பிறகும், போலீஸ் வாக்குமூலம் நேரடிச் சாட்சியமாகிவிடாது என்பதை மறக்க வேண்டாம். அது சாட்சியின் இன்றைய பேச்சைத் தட்டிப்பார்க்கும் கல் மட்டுமே. குற்றத்தை நிரூபிக்க வேறு எது இருக்கிறது என்று தேட வேண்டும்: மருத்துவச் சான்று, சிசிடிவி, எதிரி காட்டிக்கொடுத்து எடுத்த பொருள்.

முன்கூட்டியே செய்யக்கூடியவை மூன்று. ஒன்று, நடுவர் முன் வாக்குமூலம், அதாவது பி.என்.எஸ்.எஸ். 183 (பழைய 164). பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றங்களில், போலீஸ் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் பதிவு செய்தே ஆக வேண்டும் என்கிறது புதிய சட்டம். இரண்டாவது, முதல் விசாரணை (சாட்சியை அழைத்த தரப்பே அவரைக் கேட்பது) நடந்த அன்றே குறுக்கு விசாரணையையும் முடிக்கச் சொல்லி வற்புறுத்துவது. வினோத் குமார் வழக்கில் (2015) 20 மாதம் கழித்து நடந்த குறுக்கு விசாரணையில் சாட்சி பிறழ்ந்ததைக் கண்டு உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்டது. வாய்தா கேட்டு மனு வந்தால் எழுந்து எதிர்த்து, எதிர்ப்பைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது சாட்சிப் பாதுகாப்பு. 2018-ம் ஆண்டுத் திட்டத்தை மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டமாகவே நடைமுறைப்படுத்தச் சொன்னது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு, எஸ்.பி. உறுப்பினர், மாவட்டத்தின் அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞர் அதன் உறுப்பினர் செயலர். மனு வந்ததும் அந்த உட்கோட்டத்தின் டி.எஸ்.பி.யிடம் அச்சுறுத்தல் அறிக்கை கேட்கப்படும். அதை ஐந்து வேலை நாளில் தர வேண்டும். அச்சுறுத்தல் உயிருக்கா, சொத்துக்கோ பேருக்கோவா, தொல்லை மட்டுமா என்று பார்த்து அதற்கேற்ற பாதுகாப்பு. 'பயமாக இருக்கிறது' என்று மட்டும் எழுதிய மனு எங்கும் போகாது. எந்தத் தேதி, யார் வந்தார்கள், எந்த எண்ணிலிருந்து போன் வந்தது என்று எழுத வேண்டும்.

குற்றப்பத்திரிகை வரைவை ஏ.பி.பி. (உதவி அரசு வழக்கறிஞர்) இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொல்வதை நான் கேட்டே ஆக வேண்டுமா?
காவல் ஆய்வாளர், பெயர் வேண்டாம் என்கிறார்

சட்டப்படி இல்லை. யார் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது என்ற முடிவு புலனாய்வு அதிகாரியுடையது, அதற்குப் பி.பி.யின் கருத்தைக் கேட்கச் சொல்லி நீதிமன்றமே கூட உத்தரவிட முடியாது என்று, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. ஆனால் அவர் திருப்பி அனுப்பியதைப் படிக்காமல் மூடிவைத்தால் இழப்பு உங்களுக்குத்தான்.

பெரும்பாலும் அவர் பிடிக்கும் ஓட்டைகள் இவையாகத்தான் இருக்கும்: எப்.ஐ.ஆர். நடுவரிடம் போய்ச் சேர்ந்த நேரம் விளக்கமின்றித் தாமதம். மகஜரில் எழுதிய ஆயுத வர்ணனையும் படிவம் 95-ல் (பொருள்களை நீதிமன்றத்துக்கு அனுப்பும் படிவம்) எழுதியதும் வேறுவேறு. சிசிடிவி பதிவுக்கு பி.எஸ்.ஏ. 63-ன் சான்றிதழ் இல்லை, அல்லது பகுதி அ மட்டும் இருக்கிறது, நிபுணர் தர வேண்டிய பகுதி ஆ இல்லை, ஹேஷ் மதிப்பு (பதிவு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) காலி. சோதனையை வீடியோ எடுத்ததாக அறிக்கையில் இருக்கிறது, மெமரி கார்டு கோப்பில் இல்லை. ஏழாண்டோ மேலோ தண்டனையுள்ள குற்றத்தில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்த பதிவு இல்லை. இவற்றில் பலவற்றைத் தாக்கலுக்கு முன் ஒரு வாரத்தில் சரிசெய்துவிடலாம். விசாரணையில் வெளிப்பட்டால் சரிசெய்ய வழியே இல்லை.

எதிரி காவலில் இருந்தால், குற்றப்பத்திரிகைக்குரிய நாள் கணக்கில் மட்டும் கவனம்; தவறினால் அவருக்கு ஜாமீன். மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டு அல்லது மேல் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு சொல்லிவிட்டது. 58-ம் நாள் வரைவை ஏ.பி.பி.யின் மேசையில் போட்டுவிட்டு அவரைக் குறை சொல்வது நியாயமில்லை. 60 நாள் வழக்கென்றால் 40-ம் நாளுக்குள், 90 நாள் வழக்கென்றால் 65-க்குள் அனுப்புவது நல்லது. ரசாயன அறிக்கை வரவில்லை என்று காத்திருக்க வேண்டாம். அதைப் பிற்பாடு கூடுதல் அறிக்கையாகச் சேர்க்கலாம்.

போதைப்பொருள், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) வழக்குகளில் மட்டும் பேச்சு மாறும். அங்கே காவல் காலத்தை நீட்டிக்கக் கேட்பது உங்கள் மனு அல்ல, அரசு வழக்கறிஞரின் அறிக்கை. புலனாய்வு எதுவரை வந்திருக்கிறது, இன்னும் ஏன் காவல் வேண்டும் என்று அவரே மனத்தைச் செலுத்தி எழுத வேண்டும். அவர் வெறும் தபால் நிலையம் அல்ல என்று ஹிதேந்திர விஷ்ணு தாக்கூர் வழக்கில் (1994) உச்ச நீதிமன்றம் சொன்ன வார்த்தை இன்றும் செல்லும். உங்கள் கடிதத்தின் மேலேயே 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று கையெழுத்து வாங்கி அனுப்பினால் நீட்டிப்பு நிற்காது, எதிரிக்கு ஜாமீன்தான். நீட்டிப்பு மனு பரிசீலனைக்கு வரும்போது எதிரியை ஆஜர்படுத்தி அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022-ல் ஜிகர் வழக்கும் சொல்கிறது.

ஏ.பி.பி., பி.பி., ஸ்பெஷல் பி.பி. இதில் எதற்கு எப்படிப் போவது?
சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

நடுவர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பை நடத்தும் ஏ.பி.பி. நிரந்தரப் பணி, டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும், குற்றவியல் நீதிமன்றங்களில் 5 ஆண்டு பயிற்சி வேண்டும். செஷன்ஸ் கோர்ட்டில் ஆஜராகும் பி.பி.யும் கூடுதல் பி.பி.யும் அரசு நியமனம். குறைந்தது 7 ஆண்டு வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். மாவட்ட நீதிபதியைக் கலந்து மாவட்ட ஆட்சியர் தயாரிக்கும் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஆட்சி மாறினால் பெயர்ப்பலகையும் மாறுவது ஊரறிந்ததுதான். ஸ்பெஷல் பி.பி.க்கு 10 ஆண்டு. இவர்களுக்கு மேலே வழக்குத் தொடர்வு இயக்ககம். அதன் இயக்குநருக்கு 15 ஆண்டு பயிற்சியோ செஷன்ஸ் நீதிபதி அனுபவமோ தேவை.

முதல் ஐந்து ஆண்டு எதிரிகள் தரப்பில் நிறைய ஆஜராகிப் பழகுங்கள். கோப்பில் ஓட்டை எங்கே இருக்கும் என்று அங்கேதான் கண் பழகும்.

'அரசு வழக்கை வாபஸ் பெற்றது' என்று செய்தி வருகிறதே, அரசு நினைத்தால் எந்த வழக்கையும் வாபஸ் வாங்கலாமா?
வாசகர், சேலம்

செய்தித்தாள் மொழி அது. அரசாணை வந்தாலும் மனுப்போட வேண்டியவர் அந்த வழக்கை நடத்தும் அரசு வழக்கறிஞர். அனுமதி தர வேண்டியது நீதிமன்றம். பி.என்.எஸ்.எஸ். 360 (பழைய 321) கேட்பது இதைத்தான். அரசு பரிந்துரைக்கலாம், ஆனால் முடிவு பி.பி.யின் சொந்த முடிவாக இருக்க வேண்டும். மனுவில் 'அரசாணையின்படி' என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் அது பலவீனமான மனு. பாதிக்கப்பட்டவரைக் கேட்காமல் அனுமதி தரக் கூடாது என்பது புதிதாக வந்த காப்புரை; நோட்டீஸ் வரவில்லையென்றால் அதையே காரணமாக வைத்து எதிர்க்கலாம். எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான வழக்கு என்றால், உயர் நீதிமன்ற அனுமதியின்றி வாபஸ் கூடாது என்று 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. கேரள சட்டமன்ற அமளி வழக்கில், உறுப்பினர்களின் சிறப்புரிமையைச் சொல்லி வாபஸ் கேட்டதை அதே ஆண்டு நிராகரித்தது.

என் மகள் வழக்கில் எதிரி விடுதலை. 'அப்பீல் போட ஒன்றுமில்லை' என்கிறார் பி.பி. அவ்வளவுதானா?
வாசகி, கடலூர்

இல்லை அம்மா. அரசு அப்பீல் போடாவிட்டாலும், பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் பி.என்.எஸ்.எஸ். 413-ன் காப்புரைப்படி (பழைய 372) நீங்களே போடலாம். சிறப்பு அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று 2018-ல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது. செஷன்ஸ் கோர்ட் தீர்ப்பென்றால் உயர் நீதிமன்றம், நடுவர் தீர்ப்பென்றால் செஷன்ஸ் கோர்ட்.

தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். அரசு அப்பீலுக்குக் கெடு 90 நாள். உங்களுடையதையும் அதற்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு. நகல் எடுக்க ஆன நாள் கழிக்கப்படும், ஆனால் நீங்கள் மனுப்போடத் தாமதித்த நாள் கழிக்கப்படாது. அந்த பி.பி.யிடம் சண்டைக்குப் போகாமல், ஏன் ஒன்றுமில்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். விடுதலைத் தீர்ப்பு எதிரியின் நிரபராதித் தன்மையை இரட்டிப்பாக்குகிறது. நீதிபதி எடுத்த முடிவும் ஏற்கத்தக்க ஒரு முடிவே என்றால் மேல் நீதிமன்றம் பொதுவாகக் கைவைக்காது. எந்தச் சாட்சியத்தைப் பார்க்காமல் விட்டார் என்று பக்க எண்ணோடு காட்ட முடிந்தால்தான் அப்பீலுக்கு உயிர்.

நான் ஓய்வுபெற்ற வருவாய்த் துறை அதிகாரி. ஒரு விசாரணை ஆணையத்திலிருந்து முதலில் சாட்சி சம்மன் வந்தது, இப்போது '8பி' நோட்டீஸ் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? அரசு வழக்கறிஞர் எனக்காகவும் பேசுவார் அல்லவா?
வாசகர், காஞ்சிபுரம்

ஒன்றல்ல. சாட்சி சம்மன் என்றால் உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லக் கூப்பிடுகிறார்கள். 1952-ம் ஆண்டு விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் 8பி நோட்டீஸ் என்றால், உங்கள் நடத்தையையே விசாரிக்க வேண்டும் அல்லது உங்கள் பெயருக்குப் பங்கம் வரக்கூடும் என்று ஆணையம் கருதுகிறது. அதனால் உரிமையும் கூடுகிறது: உங்கள் தரப்புச் சாட்சியத்தை வைக்கலாம், 8சி-ன்படி மற்றச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். 8பி-க்கு உரியவரை மற்றச் சாட்சிகளுக்கு முன்னதாகவே கூண்டேற்றக் கூடாது என்ற வாதத்தைக் கிரண் பேடி வழக்கில் (1989) உச்ச நீதிமன்றம் ஏற்றது. உங்கள் முறை எப்போது என்று கேட்டு ஒரு மனு போடுவதில் தவறில்லை.

அரசு வழக்கறிஞர் உங்களுக்காகப் பேசுவார் என்று எண்ணிவிடாதீர்கள். இந்த ஒரு தவறு பல அதிகாரிகளைக் கெடுத்திருக்கிறது. ஆணையத்தில் இரண்டு வழக்கறிஞர்கள் தெரிவார்கள். ஆணையத்தின் வழக்கறிஞர் எந்தக் கட்சியையும் சேர்ந்தவரல்ல. விசாரணை வரம்பை ஒவ்வொரு கேள்வியாகப் பிரித்து, ஆவணங்களைக் காலவரிசைப்படுத்தி, எல்லாச் சாட்சிகளையும் கேட்பது அவர் வேலை. அரசின் வழக்கறிஞர் அரசுக்காக நிற்கிறார். அரசும் நீங்களும் ஒரே பக்கம் என்பது முதல் வாரம் வரைதான். துப்பாக்கிச் சூடு பற்றிய விசாரணையை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தைக் கலைக்க உத்தரவிட்டது யார், நிர்வாக நடுவரா (தாசில்தார் போன்றவர்), காவல் அதிகாரியா என்பதே மையக் கேள்வி. தாசில்தார் 'நான் உத்தரவிடவில்லை' என்பார். ஆய்வாளர் 'எழுத்து உத்தரவு கையில் இருந்தது' என்பார். இருவருக்கும் ஒரே வக்கீல் ஆஜரானால், ஒருவரைக் காப்பாற்ற இன்னொருவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாமல் விழிப்பார். தனி வக்கீல் வையுங்கள்.

உறுதிமொழிப் பத்திரம் எழுதும்போது நினைவிலிருந்து எழுதாதீர்கள். அன்றைய ஜீப் பதிவேடு, வயர்லெஸ் பதிவு, போன் அழைப்புப் பட்டியல் ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்கி, நேரத்தை அவற்றோடு ஒப்பிட்டுவிட்டு எழுதுங்கள். நேரம் பத்து நிமிடம் முன்பின் ஆனாலும் குறுக்கு விசாரணையில் அதையே பிடித்துத் தொங்குவார்கள்.

ஆணையத்தில் சொன்னதை வைத்து உங்கள் மேல் சிவில் வழக்கோ குற்ற வழக்கோ நடத்த முடியாது; பொய்ச்சாட்சி வழக்கு மட்டும் விதிவிலக்கு. சட்டத்தின் 6-ம் பிரிவு தரும் பாதுகாப்பு அது. அதனாலேயே ஆணையத்தின் அறிக்கையை அப்படியே குற்றப்பத்திரிகையாக்க முடியாது. போலீஸ் தனியாகப் புலனாய்வு செய்து, அதே சாட்சிகளிடம் புதிதாக வாக்குமூலம் வாங்க வேண்டும். அறிக்கை அரசைக் கட்டுப்படுத்தாது, பரிந்துரை மட்டுமே என்பது 1958-ன் ராமகிருஷ்ண டால்மியா வழக்கு முதல் நிலைத்த சட்டம். ஆனால் அறிக்கை வந்து ஆறு மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கைக் குறிப்போடு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். 2018 மே 22 தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் 2022 மே மாதம் அறிக்கை தந்தது. அக்டோபர் 18-ல் அது பேரவையில் வைக்கப்பட்டது.

அட்வகேட் ஜெனரல்தான் பி.பி.க்களுக்கெல்லாம் தலைவரா? வழக்கு வேறு மாநிலத்துக்கு மாறினால் பி.பி.யை யார் நியமிப்பார்கள்?
வாசகர், கோவை

இல்லை. அட்வகேட் ஜெனரல் அரசியலமைப்பின் 165-ம் பிரிவின்படி மாநில அரசின் சட்ட ஆலோசகர். உயர் நீதிமன்றத்தில் குற்ற வழக்குகளுக்கு அரசு தலைமைக் குற்றவியல் வழக்கறிஞர் தனியே நியமிக்கப்படுகிறார். வழக்கு மாறினால் எந்த மாநிலத்துக்கு மாறியதோ அந்த அரசே நியமிக்க வேண்டும். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கின் மேல்முறையீட்டில் தமிழக அரசு செய்த நியமனம் செல்லாது, கர்நாடக அரசுக்கே அந்த உரிமை என்று 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்தக் கேள்விக்கான பதில்தான்.